வலி என்னும் ஒற்றை அளவுகோல்

மெய்யியலாளர் பீட்டர் சிங்கரின் ‘விலங்கு விடுதலை’ 1975இல் வெளிவந்தது. புலாலோடு பாலையும் விலக்கும் வீகன் வாழ்முறையின் மூலநூல் என்றே பலர் இதை ஏந்துகிறார்கள். அந்தப் புகழுக்கு நூலின் தருக்கம் முழுமையாக இடம் தருகிறதா என்பதே இங்கு எழும் வினா.

நூலின் தலையாய சிறப்பு அதன் உணர்ச்சி விலக்கம். தாம் பிராணிப் பிரியர் அல்லர் என்பதை முன்னுரையிலேயே சிங்கர் தெளிவாக்கிவிடுகிறார். அவர் வாசகரிடம் இரக்கத்தை யாசிக்கவில்லை, முரணின்மையைக் கோருகிறார். அறிவு, மொழி, தன்னுணர்வு என எதை எல்லையாக வகுத்தாலும் மனிதரிலேயே சிலர் அதற்கு வெளியே நிற்பார்கள். அவர்களை நாம் அறுப்பதில்லை. அப்படியானால் நம் பாகுபாட்டுக்கு எஞ்சும் காரணம் உயிரினம் மட்டுமே. ‘உயிரினப் பாகுபாடு’ என்ற சொல் உளவியலாளர் ரிச்சர்ட் ரைடருடையது, 1970இல் பிறந்தது. அதை மறுக்கக் கடினமான வாதமாக்கியவர் சிங்கர். தொழிற்பண்ணைகள் பற்றிய இயலில் பண்ணைத் தொழில்துறையின் சொந்த இதழ்களிலிருந்தே சான்று திரட்டுகிறார். கூண்டுக்கோழியின் நிலையை அதன் உரிமையாளர் வாக்காலேயே நிறுவும் இம்முறைக்கு மறுப்புச் சொல்வது எளிதன்று.

குறை அளவுகோலில் இருக்கிறது. வலி மட்டுமே கணக்கென்றால், வெட்டவெளியில் மேய்ந்து நோவின்றி இறந்த ஆட்டின் கறியில் என்ன பிழை? சிங்கரின் முன்னோடியான பெந்தாம், விலங்குகள் துன்புறுமா என்று கேட்ட அதே அடிக்குறிப்பில் அவற்றை உண்பதை ஏற்றுக்கொண்டார். சிங்கர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கொலையே தவறு என்பதற்கு அவர் தரும் காரணங்கள், வலியே தவறு என்பதற்குத் தரும் காரணங்களைவிட மெலிந்தவை. மெய்யியலாளர் டாம் ரீகன் 1983இல் விலங்குரிமைக் கோட்பாட்டால் இந்த இடைவெளியை அடைக்க முயன்றார். கொலை அங்கே உறுதியாக விலக்கப்பட்டது. ஆனால் அவர் வாதம் திடமாக நிற்பது ஓராண்டு கடந்த பாலூட்டிகளிடம்தான். கோழியும் மீனும் ஐயத்தின் பலனையே பெற்றன. ஒருவரிடம் அகலம் உண்டு, ஆழம் குறைவு. மற்றவரிடம் ஆழம் உண்டு, அகலம் குறைவு.

உண்மையான சோதனை பாலில் வருகிறது. ஈன்றால்தான் பசு கறக்கும். கன்றைப் பிரித்தால் பால் விற்பனைக்குக் கூடுதலாக மிஞ்சும். காளைக்கன்றுக்குப் பால்பண்ணையில் இடமில்லை. கறவை வற்றிய பசு அடிமாடு. சிங்கரின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் பண்ணைப்பால், மேய்ச்சல் ஆட்டின் கறியைவிடக் கனத்த குற்றமாகலாம். சைவம், அசைவம் என்று நாம் கிழித்த கோடு இந்தக் கணக்கில் பொருளிழக்கிறது. ஆனால் அவருடைய உணவு இயலின் தலைப்பு சைவராவதோடு நின்றுவிடுகிறது. வீகன்களின் நிலை சரியே என ஒப்புகிறார். அதை உடனடியாக எல்லோரிடமும் கோரத் தயங்குகிறார். நடைமுறை விவேகமாக இது ஏற்கத்தக்கது, தருக்கத்தின் முடிவாக அன்று. பாலையும் விலக்கும் கோட்டை வீகன் சங்கத்தை நிறுவிய டொனால்ட் வாட்சனும் தோழர்களும் 1944லேயே பிரிட்டனில் வரைந்திருந்தார்கள்.

வரலாற்று இயல் மேற்குலகோடு சுருங்கியதும் ஓர் இழப்பே. வாங்கி உண்பவர் இல்லையேல் கொன்று விற்பவரும் இல்லை என்ற வாதத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் சிங்கருக்கு வெகுமுன்பே வைத்துவிட்டது. எனினும் வள்ளுவர் அதைத் துறவறவியலில் வைத்தார், பாலைப் பற்றி அங்கே பேசவில்லை. இல்லறத்தாரையும் அந்த அறத்துக்குள் இழுத்தது சிங்கரின் துணிவு.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. தொழிற்பண்ணைக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக இந்நூல் நிறைவானது. வீகன் அறத்துக்கு அடித்தளமாக அது குறைபட்டது. ஏனெனில் வீகன் நெறி எதிர்ப்பது வலியை மட்டுமல்ல, பயன்படுத்துதலையே. அந்த எதிர்ப்புக்கு வேறொரு வாதம் வேண்டும். அது கிடைக்கும்வரை, பால்சோற்றின் முன் அமர்ந்து புலால் உண்பவரை இகழும் தகுதி மட்டும் சைவருக்கு இல்லை. அவ்வளவையும் இந்த ஒற்றை அளவுகோலே காட்டிவிட்டது.