கிளானாட்: பள்ளி நாடகமும் மறுபிறவியும்

கிளானாட், ஜப்பானின் விஷுவல் ஆர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கீ என்னும் படைப்புக் குழு 2004 ஏப்ரல் 28 அன்று விண்டோஸ் கணினிகளுக்காக வெளியிட்ட காட்சிப் புதினம் (விஷுவல் நாவல்). கனோன் (1999), ஏர் (2000) ஆகியவற்றுக்குப் பின் இக்குழுவின் மூன்றாவது படைப்பு இது. முதல் இரண்டும் முதலில் வயதுவந்தோருக்குரிய பதிப்புகளாக வந்தவை. கிளானாட் தொடக்கத்திலேயே எல்லா வயதினருக்கும் உரியதாக வெளிவந்தது. ஜுன் மயேதா, காய், யூயிச்சி சுசுமோத்தோ ஆகியோர் கதையை எழுதினர். பாத்திரங்களை வடிவமைத்தவர் இதாரு ஹினோவே.

காட்சிப் புதினம் என்பது திரையில் படத்தோடும் இசையோடும் படிக்கப்படும் நீண்ட கதை. ஆங்காங்கே வாசகர் முன் சில தெரிவுகள் வைக்கப்படும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பக் கதை வேறு வேறு கிளைகளில் செல்லும். ஒரு கிளையை முடித்தபின் மீண்டும் தொடக்கத்துக்கு வந்து வேறொரு கிளையைப் படிக்கலாம். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வது கிளானாட்டின் முடிவைப் புரிந்துகொள்ள உதவும்.

இப்படைப்பு காதல் கதை என்றே அறிமுகம் செய்யப்படுகிறது. அதன் இறுதியில் நிகழும் அற்புதம் நியாயமானதா, வாசகரின் கண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஏமாற்றா என்பதே விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படுவது. ஆனால் முடிவுக்கான சாவி முடிவில் இல்லை. கதையின் நடுவே ஒரு பள்ளி விழாவில் ஒரு மாணவி தனியாக நடிக்கும் சிறு நாடகத்தில் அது இருக்கிறது. (கதையின் முடிவு உட்பட அனைத்தும் இக்கட்டுரையில் பேசப்படுகின்றன.)

கதை

தொமோயா ஒகசாக்கி மேல்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன். சிறு வயதிலேயே தாயை விபத்தில் இழந்தவன். குடிக்கும் சூதாட்டத்துக்கும் பழகிய தந்தை நவொயுகியோடு ஏற்பட்ட கைகலப்பில் அவன் வலது தோள் காயப்பட்டது. அதன்பின் அந்தக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியாமல் போனதால் கூடைப்பந்தாட்டமும் முடிந்தது. தந்தை மகனிடம் அந்நியரைப் போல மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டார். திட்டைவிடக் கொடியது அந்த மரியாதை.

பள்ளிக்குச் செல்லும் செர்ரி மரச் சரிவின் அடியில் ஒருநாள் அவன் நகிசா ஃபுருகாவாவைச் சந்திக்கிறான். நோயினால் ஓராண்டை இழந்து அதே வகுப்பில் மீண்டும் படிப்பவள். சரிவில் ஏறத் தைரியம் வேண்டி, தனக்குப் பிடித்த இனிப்பு ரொட்டியின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஓர் ஆசை உண்டு. ஆளில்லாமல் கலைந்துபோன நாடக மன்றத்தை மீண்டும் தொடங்க வேண்டும்.

மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் வேண்டும். இருக்கும் முதிய ஆசிரியர் கோமுராவையே சேர்ந்திசை மன்றமும் கேட்கிறது. அந்த மன்றத்தை நடத்தும் மாணவி விபத்துக்குப் பின் வயலின் வாசிக்க முடியாமல் பாட்டுக்கு வந்தவள். ஆகவே இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கோமுரா இரண்டு மன்றங்களுக்கும் பொறுப்பேற்கிறார். பள்ளிக்கூட நடைமுறையை அறிந்தவர்கள் இப்பகுதியை ரசிப்பார்கள். பெரிய கதைக்குத் தேவையில்லாததுபோலத் தோன்றும் இந்தச் சிறு வழக்கில் எதிராளி என்று யாருமே இல்லை.

நாடகம்

நகிசா நடிக்க விரும்பும் கதை எந்த நூலிலும் இல்லை. சிறு வயதிலிருந்து அது அவள் நினைவில் இருக்கிறது. யார் சொன்னது, எங்கே படித்தது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்துபோன ஓர் உலகத்தில் ஒரு சிறுமி தனியாக இருக்கிறாள். தனிமை தாங்காமல், கிடைத்த குப்பைப் பொருள்களைச் சேர்த்து ஒரு பொம்மை செய்கிறாள். அந்தப் பொம்மைக்கு உயிர் வருகிறது. இதன் முடிவும் நகிசாவுக்குச் சரியாக நினைவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தொமோயாவுக்கோ இதைத் தானும் எங்கோ அறிந்ததுபோல ஓர் உணர்வு.

வாசகருக்கு இக்கதை புதிதல்ல. விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே இடையிடையே வரும் ‘மாய உலகம்’ என்னும் பகுதியும் இதுவே. அது யாருடைய கனவு என்று தெரியாமல் படித்துக்கொண்டிருந்தவர், அதை நகிசாவின் வாயிலிருந்து கேட்கும்போது திடுக்கிடுகிறார்.

அடுத்து ஆசிரியர்கள் செய்திருப்பது நுட்பமானது. கதையின் மூலத்தைத் தேடி நகிசா வீட்டின் பழைய பொருள்கள் இருக்கும் அறையைக் கிளறுகிறாள். கிடைப்பதோ தாய் தந்தையரின் கடந்தகாலம். ரொட்டிக் கடை நடத்தும் அக்கியோ ஒருகாலத்தில் மேடை நடிகர். தாய் சனாயே ஆசிரியை. இருவரும் வேலையில் மூழ்கியிருந்த நாள்களில், காய்ச்சலோடு இருந்த குழந்தை நகிசா பெற்றோருக்காகப் பனியில் காத்திருந்து மயங்கி விழுந்தாள். உயிர் பிழைத்தாள். அதன்பின் இருவரும் தங்கள் தொழில்களை விட்டுவிட்டு வீட்டோடு கடை வைத்துக்கொண்டார்கள். இதை மகளிடம் சொல்லாமலே வளர்த்தார்கள்.

நாடகத்துக்கு முந்தைய இரவில் அவள் இதை அறிகிறாள். தந்தை விட்டுக்கொடுத்த மேடையில்தான் மறுநாள் அவள் ஏற வேண்டும். திரை விலகியதும் அவளால் பேச முடியவில்லை, அழுகிறாள். பார்வையாளர்கள் சலசலக்கிறார்கள். அப்போது அரங்கின் வாயிலில் அக்கியோ வந்து நின்று கத்துகிறார். நீ உன் கனவை நிறைவேற்றுவதே எங்கள் கனவு, நாங்கள் எதையும் இழக்கவில்லை என்பது அவர் சொல்வதன் சாரம். தொமோயாவும் தன் பங்குக்குக் குரல் கொடுக்கிறான். நகிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடகத்தைத் தொடங்குகிறாள். முடிவில், தனக்கு மிகவும் பிடித்த டாங்கோ பெருங்குடும்பப் பாட்டைப் பாடுகிறாள். டாங்கோ என்பது அரிசி மாவில் செய்யும் உருண்டைப் பலகாரம். நடுங்கும் குரலில் ஒரு பலகாரப் பாட்டு, நாடகம் முடிந்துவிடுகிறது.

சிறந்த நடிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. படைப்பும் அப்படிச் சொல்லவில்லை. வெற்றி என்று எதையும் காட்டாமல், பாடி முடித்தாள் என்பதோடு விடுகிறது. பள்ளி விழாவைப் பின்புலமாகக் கொண்ட பல ஜப்பானியக் கதைகளில் நாடகம் காதலர்களை மேடையில் சேர்த்துவைக்கும் உத்தியாகவே வரும். இங்கே காதலன் மேடையிலேயே இல்லை. மேடையில் நடப்பது ஒரு மகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான வழக்கு.

இரண்டு தந்தையர்

அக்கியோவின் சொற்களை ஆறுதலாக மட்டும் படிப்பது போதாது. பெற்றோரின் கனவு பிள்ளையின் மேல் ஏற்றப்படுவது சுமையும்தான். உன் கனவே எங்கள் கனவு என்று கேட்ட பிள்ளைக்குத் தோற்கும் உரிமை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைப் படைப்பு நேராகக் கேட்கவில்லை. ஆனால் அதற்கான விடையைத் தொமோயாவின் வீட்டில் வைத்திருக்கிறது.

நவொயுகியும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர்தான். மனைவி இறந்தபின் மகனைத் தானே வளர்ப்பேன் என்று உறுதிகொண்டு, வேலைகளை இழந்து, உடல் தேய்ந்து, கையிலிருந்ததையெல்லாம் மகனுக்குச் செலவிட்டார். அக்கியோவின் தியாகம் ஒரு ரொட்டிக் கடையாகவும் சிரிப்பாகவும் ஆயிற்று. நவொயுகியின் தியாகம் குடியாகவும் சிறையாகவும் முடிந்தது. அரங்க வாசலில் நின்று கத்தும் வலிமை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் செய்ததைத் தொமோயா அறிவது பல ஆண்டுகளுக்குப் பின்னால், கடலோரப் பூந்தோட்டத்தில் பாட்டி ஷினோ சொல்லித்தான். அதற்குள் தொமோயாவே அதே குழியில் விழுந்திருக்கிறான். நகிசாவை மணந்து, மின்பணியாளனாக வேலை செய்து, வாடகை வீட்டில் நடத்திய சிறு குடும்பம் பனி கொட்டிய ஓர் இரவில் முடிந்துபோகிறது. மகள் உஷியோவைப் பெற்றுவிட்டு நகிசா இறக்கிறாள். ஐந்து ஆண்டுகள் அவன் குழந்தையைப் பார்க்காமல் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுகிறான்.

கிளானாட்டின் மிக முதிர்ந்த பகுதி இதுவே. பள்ளிப் படிப்பு முடிந்ததும் காதல் கதை முடிந்துவிடுவதே இவ்வகைப் படைப்புகளின் வழக்கம். இது கூலி, ஏணி, தெருவிளக்கு, மளிகை என்று நடந்துகொண்டே இருக்கிறது. தந்தையைப் போல ஆகிவிட்டோம் என்று உணர்ந்தபின்தான் தொமோயா அவரிடம் சென்று, போதும், ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று சொல்கிறான். நகிசாவுக்கு மேடையில் சில நிமிடங்களில் கிடைத்தது, இவனுக்குக் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

மாய உலகம்

பின் உஷியோவும் தாயின் நோயாலேயே பனியில் இறக்கிறாள். தொமோயாவும் சரிகிறான். இங்கேதான் நாடகத்தின் பொருள் விளங்குகிறது. முடிந்துபோன உலகில் தனித்திருக்கும் சிறுமி உஷியோ. அவள் குப்பையிலிருந்து செய்த பொம்மைக்குள் பிறந்த உயிர் தொமோயா. மகள் தந்தைக்கு உடல் கொடுத்துப் பிறப்பிக்கிறாள். அந்தக் கதையை, மகள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவளைப் பெறப்போகிறவள் பள்ளி மேடையில் நடித்துக் காட்டியிருக்கிறாள். அவளை மணக்கப்போகிறவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுபிறவி என்றதும் முன்வினை, அதன் பயன் என்று கணக்குப் பார்க்கப் பழகியவர்களுக்கு இது வேறு வகையாகத் தோன்றும். இங்கே யாரும் முற்பிறவியில் செய்ததற்குத் தண்டனையோ பரிசோ பெறுவதில்லை. காலமும் முன்பின்னாக ஓடவில்லை. நகிசாவுக்கு இருப்பது நடந்ததன் நினைவா, நடக்கப்போவதன் நினைவா என்று பிரிக்க முடியாது. இந்த உலகில் யாருக்கேனும் மனம் நிறையும்போது ஓர் ஒளி உருவாகிறது. தொமோயா தந்தையை வழியனுப்பும்போதும் ஒன்று. அந்த ஒளிகள் சேர்ந்தால் மாய உலகிலிருந்து திரும்ப வழி பிறக்கும்.

விளையாட்டில் இந்த ஒளிகளைச் சேர்ப்பவர் வாசகர். மற்ற பாத்திரங்களின் கிளைகளைப் பொறுமையாகப் படித்து, அவர்கள் துயரம் தீர்வதைக் கண்டபின்புதான் கடைசிக் கதவு திறக்கிறது. ஒரே கதையை மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வாழ்ந்த வாசகருக்கு, தொமோயா மீண்டும் செர்ரி மரச் சரிவின் அடியில் நிற்பது வியப்பாக இராது. அவரும் பலமுறை அங்கே நின்றவர்தானே. கியோட்டோ அனிமேஷன் தயாரித்த தொலைக்காட்சித் தொடரில் (2007 முதல் 2009 வரை இரு பருவங்கள், இயக்குநர் தத்சுயா இஷிஹாரா) இந்த உழைப்பு இல்லை. ஒரே கோட்டில் ஓடும் தொடரில் ஒளிகள் அழகான பொட்டுகளாக மிதக்கின்றன, முடிவு வானத்திலிருந்து விழுகிறது. ஏமாற்று என்னும் குற்றச்சாட்டு விளையாட்டைவிடத் தொடருக்கே கூடுதலாகப் பொருந்தும்.

அற்புதத்துக்கு முன் ஒரு விலையும் உண்டு. நகிசாவைச் சந்திக்காமலே இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நொந்துபோன தொமோயா, சரிவின் அடியில் அவள் தன்னைக் கடந்து செல்வதைப் பார்க்கிறான். கூப்பிடாமல் விட்டுவிடலாம். முழு இழப்பையும் அறிந்தவனாக, அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த ஒரு செயலுக்குப் பின்பே நகிசா பிழைக்கும் வாழ்க்கை தொடங்குகிறது.

இவ்வளவு நியாயங்கள் இருந்தும் முடிவில் குறைகள் இல்லாமல் இல்லை. மற்றப் பெண்களின் துயரங்கள் தனிக்கதைகளாக எழுதப்பட்டபோது உண்மையாக இருந்தன. ஒளியாக எண்ணப்பட்டபோது அவை நகிசாவை மீட்கச் செலவாகும் காசுகளாகிவிடுகின்றன. நகிசாவின் நோய்க்குப் பெயரே இல்லை. ஊரும் அவளும் ஓருயிராகப் பிணைந்தவர்கள் என்னும் விளக்கம் கவிதையாக நிற்கிறதே தவிரக் கதையாக நிற்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, மேடையில் ஒருமுறை தன் குரலைக் கண்டெடுத்த பெண், அதன்பின் மனைவியாகவும் தாயாகவும் இழப்பாகவும் மட்டுமே எஞ்சுவது. நாடகம் அவளுடைய கனவாக இருந்தது. பின்பகுதியில் அந்தக் கனவு என்ன ஆனது என்று படைப்பு திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கடைசிக் காட்சியில் நகிசாவும் தொமோயாவும் இல்லை. ஃபூக்கோ என்னும் பெண் தன் அக்காவோடு மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் நின்று, ஓடிப்போய், ஒரு மரத்தடியில் உறங்கும் சிறுமியைக் கண்டுபிடிக்கிறாள். முகம் உஷியோவின் முகம். அவள் யார், அங்கே எப்படி வந்தாள் என்பது சொல்லப்படவில்லை. ஃபூக்கோ அவளை எழுப்பப் போகிறாள்.