விதிக்குள் இருக்கிறது விளையாட்டு

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. தரையில் கரிக்கட்டியால் கோடு இழுத்தால் 23 முனைகள் கொண்ட களம் தயார். புலி தாண்டி வெட்டலாம், ஆட்டுக்கு அந்த உரிமை இல்லை. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும்; கடைசி ஆடு இறங்கும்வரை எதையும் நகர்த்த முடியாது. ஆனால் புலி தாண்டுவதற்கு ஆட்டின் முதுகுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே இன்னோர் ஆடு அண்டை கொடுத்து நின்றுவிட்டால் புலிக்கு வழியில்லை. பலமில்லாதவர்கள் சேர்ந்து நின்று பலசாலியை முடக்குவது எப்படி என்று நம் கையே கண்டுபிடிக்கிறது. யாரும் பாடம் எடுப்பதில்லை.

நம் விளையாட்டுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த விதிகளின் நுட்பத்துக்குப் போதிய இடம் கிடைத்ததில்லை. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் அவற்றை வகைபிரித்துத் தொகுத்தார். அது பெரிய கொடை. கீழடியில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தபோது தொன்மையைப் பேசினோம். மற்றபடி பத்திரிகைகளில் வருவதெல்லாம் பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும், விரலுக்குப் பயிற்சி என்பதுதான். விளையாட்டை மருந்தாக்கிப் பரிந்துரைக்கும் இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 14 குழிகளில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டே போகிறவர் எதிராளியின் குழிக்கும் போட்டாக வேண்டும். அங்கே நாலு சேர்ந்து ‘பசு’ ஆனால் அது எதிராளிக்கு. நம் ஒவ்வோர் அடியும் எதிரில் இருப்பவருக்கு எதையாவது கொடுக்கிறது. இப்படி ஒரு விதியை யோசித்தவர் கவிஞருக்குக் குறைந்தவர் அல்லர். ஹாலந்து அறிஞர் ஹுய்சிங்கா 1938-இல் பண்பாடே விளையாட்டுக்குள், விளையாட்டாகவே முளைத்தது என்று வாதிட்டார். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடிய வீடுகளில் அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்த மரபுக்கு இன்று வாரிசு உண்டா? சென்னையில் 2002-இல் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘கிரீடா’ பழைய ஆட்டங்களை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. அதைவிட என்னை உலுக்கியது 2023-இல் வந்த ‘வெண்பா’ என்ற வீடியோ கேம். டொரான்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி வார்க்கிறாள். அழிந்த வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். தலைமுறை இடைவெளியை வசனமாகச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவேண்டிய வேலையாக மாற்றினார்கள். 2024-இல் அதற்கு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

ஆனால் எழுதப்படாத விதிகள் இன்னும் நம் ஊர்த் திண்ணைகளிலேயே இருக்கின்றன. திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் தண்ணீர் நிற்கும், உப்பு வாருவது நின்றுபோகும். கூலி இல்லாத அந்த மாதங்களில் திண்ணையில் என்ன ஆடினார்கள், எத்தனை காயோடு தொடங்கினார்கள், தோற்றவர் அடுத்த ஆட்டத்தை எப்படி ஆரம்பித்தார் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பலகையை அருங்காட்சியகத்தில் வைக்கலாம், விதியை வைக்க முடியாது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் மாணவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்துப் பாட்டியோடு ஒரு முழு ஆட்டம் ஆடவிடுங்கள். வெட்டுவது எப்போது, விடுவது எப்போது, சண்டை வந்தால் தீர்ப்பு என்ன என்று பாட்டி சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். இந்த மழைக்காலத்திலேயே தொடங்குங்கள்.