வஞ்சப் போரும் வாகையும்

போரில் வீழ்ந்தவன் தோற்றான், நின்றவன் வென்றான் என்பது உலக வழக்கு. ஆயின், நின்றவன் வஞ்சத்தால் நின்றானாயின் அவ்வழக்குச் செல்லுமோ? இவ்வினாவிற்குப் பாரதம் ஒரு விடை தருகின்றது. சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணம் பிறிதொரு விடை தருகின்றது. அவ்விரண்டனையும் ஒப்புநோக்கிக் காண்டல் ஈண்டைக்கு எடுத்துக்கொண்ட பொருளாம்.

தேசிநாதேசுவரர் கோயில்கொண்டருளும் கம்பைநல்லூர் தருமபுரி மாவட்டத்திலே தென்பெண்ணையாற்றின் நீர்வழியைச் சார்ந்த ஊர். இம்மாவட்டத்தில் திரௌபதியம்மன் விழாக்காலங்களிற் பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்தும் நிகழ்தல் நெடுநாள் வழக்கம். விழாவின் முடிவிலே படுகளம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. மண்ணாற் பெரியதொரு துரியோதனன் உருவைச் செய்து கிடத்துவர். வீமன் வேடம் பூண்டவர் அதன் தொடையைத் தகர்ப்பர். திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள். கூடியிருக்கும் மக்கள் மகிழ்வர். அம்மகிழ்ச்சி முறையானதே, சபை நடுவே இழிவுற்ற பெண்ணொருத்தியின் சூளுரை அன்றோ நிறைவேறுகின்றது! ஆயினும், அவ்வடி கதைப்போரின் விதிக்கு மாறானது என்பதனை அவ்வார்ப்பிடையே நினைப்பவர் சிலரே.

கதைப்போரில் உந்திக்குக் கீழே அடித்தல் ஆகாது என்பது விதி. வீமன் அவ்விதியைக் கடந்தான். அஃதொன்றே அன்று. சிகண்டியை முன்னிறுத்தி வீட்டுமரை வீழ்த்தியதும், அசுவத்தாமன் இறந்தான் என்னும் மயக்குரையால் துரோணரைப் படைக்கலம் துறக்கச் செய்ததும், தேர்க்கால் புதைந்து நின்ற வேளையிலே கன்னனைக் கொன்றதும் அறத்தின் பக்கல் நின்றோர் செய்தனவே. இவற்றை வியாதமுனிவர் மறைத்தாரல்லர். நிலந்தோயாது நாலங்குலம் உயர்ந்து சென்ற தருமனது தேர் அப்பொய்யுரையின் பின்னர் நிலத்திற் படிந்தது என்றார். தொடை முறிந்து கிடந்த துரியோதனன்மேல் வானின்று மலர்மாரி பொழிந்தது என்றும், அதுகண்டு பாண்டவர் நாணினர் என்றும் கூறினார். அன்றிரவே அசுவத்தாமன் பாசறை புகுந்து, துயின்றாரைக் கொன்று, வஞ்சத்திற்கு வஞ்சம் மாறாக ஈந்தான். வஞ்சத்தால் அரசு கிட்டும். ஆறுதல் கிட்டாது என்பதே பாரதம் தரும் விடை. அது மெய்யான விடையே. எனினும், வெற்றி என்பது எதிரியை வீழ்த்துதலே என்னும் கொள்கையை அஃது அசைக்கவில்லை.

அக்கொள்கையை அசைத்தவர் சேக்கிழார். தருமபுரி மாவட்டத்தைக் கடந்து கீழ்த்திசை செல்லும் அத்தென்பெண்ணையின் கரையிலேயே மெய்ப்பொருள் நாயனார் அரசு புரிந்த திருக்கோவலூர் உள்ளது. அவரொடு பொருது பலமுறை தோற்றவன் முத்தநாதன். களத்தில் வெல்லலாகாமை உணர்ந்தவன், மெய்யெல்லாம் நீறு பூசிச் சடைமுடி தாங்கிப் புத்தகக் கவளியினுள்ளே படைக்கலத்தை ஒளித்து இரவிலே அரண்மனை புகுந்தான். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன், இது காலமன்று எனத் தடுத்தான். அதனையும் கடந்து உட்சென்று, எங்கும் இல்லாததோர் ஆகமம் கொணர்ந்தேன் என்றான். அரசியையும் அகற்றச் செய்தான். கீழமர்ந்து கேட்க முற்பட்ட அரசர் வணங்குங்கால், தான் முன் நினைந்த அப்பரிசே செய்து முடித்தான்.

இவ்விடத்தே சேக்கிழார் ஆளும் சொல்லொன்று ஆராயத்தக்கது. குத்துண்டு வீழ்ந்த அரசரை அவர் 'வென்றார்' என்கின்றார். இது புலவரது கைவண்மை மாத்திரையாய் எழுந்ததன்று. அவர்க்கு முற்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருத்தொண்டத்தொகையில் மெய்ப்பொருளாரை வெல்லுதலில் மிக வல்லவர் என்றே போற்றினார். முத்தநாதன் அழிக்க வந்தது நாயனாரின் உடலை மட்டுமன்று. திருவேடத்தின்பால் அவர் வைத்த உறுதியே அவன் ஏறி நின்ற படி. அப்படி தகர்ந்திருப்பின் அவன் வென்றவனாவான். தகரவில்லை. வாளெடுத்த தத்தனை நாயனார் விலக்கி, அவன் நம்மவன் என உரைத்து, ஊறின்றிக் கொண்டுவிடுமாறு பணித்தார். அவன் இடர் நீங்கிச் சென்றான் என்று கேட்டறியுங்காறும் தம் உயிரைத் தாங்கினார். ஆகலின் அவ்விரவில் தோற்றவன் முத்தநாதனே என்க.

ஏனாதிநாத நாயனார் வரலாறு இதனினும் நுண்ணிது. எயினனூரில் வாட்பயிற்சி ஆசிரியராய் விளங்கியவர் அவர். அத்தொழிலே செய்த அதிசூரன் தன் வருவாய் குன்றப் பொறாமை கொண்டு படையொடு வந்தான், எதிர்நின்று தோற்றோடினான். பின்னர், பிறர் மடிய வேண்டா, நாம் இருவரே தனித்துப் பொருவோம் என்று நல்லான்போல் தூதனுப்பினான். முன்னொருநாளும் நீறணியாதவன் அன்று நெற்றி நிறையப் பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்தான். நெருங்கிய அளவிலே கேடகத்தை விலக்கினான். நாயனார் திருநீறு கண்டார், இவர் அடியராயினார் எனக் கொண்டார், பொருதலை ஒழிந்தார்.

ஆயினும் அவர் வாளைக் கீழே எறிந்திலர். எறிந்தால், படையிலாதானைக் கொன்றான் என்னும் பழி அதிசூரனைச் சாரும். அப்பழி அவனைச் சாராமைப் பொருட்டு, வாளும் பலகையும் தாங்கிப் பொருவார்போல் எதிர்நின்றார். போரறத்தை முற்றத் துறந்து வந்தவனுக்காக, அப்போரறத்தின் ஒரு கூற்றைத் தம் உயிர் கொடுத்துக் காத்தார். கேடகத்தின் பயனை அதிசூரன் மாற்றினான். உடல் காப்பதனை வஞ்சம் காப்பதாக்கினான். திருநீற்றின் பயனை மாற்ற அவனால் இயலவில்லை. கொல்லுதற்கென அவன் பூசிய நீறே நாயனாரைச் சிவபெருமான் திருவடியிற் சேர்த்தது.

இங்ஙனம் வேடத்தைப் போற்றுவது வஞ்சகர்க்கு வாயில் திறந்துவிடுவதாகாதோ என வினவுவார் உளர். வேடம் கொண்டு ஏமாற்றுவார் எக்காலத்தும் உண்மையின் இவ்வினா புறந்தள்ளற்பாலதன்று. அதற்கு விடை புராணத்துள்ளேயே இருக்கின்றது. சேக்கிழார் முத்தநாதனது உள்ளத்தின் கருமையை எவ்விடத்தும் வெளுப்பாக்கினாரல்லர். அதிசூரனைப் பாதகன் என்றே குறித்தார். விழித்திருந்து தடுக்கும் தத்தனை வாயிலில் நிறுத்தியவரும் அவரே. ஆகலின் காவல் வேண்டா என்பது அவர் கருத்தன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் மெய்யன்பரது வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்கின்றது. வேடம் இறைவனுக்கு உரியது. அதனைக் களவாடி அணிந்தவனுக்கு உரியதன்று. நாயன்மார் வணங்கியது உடையவனையே, கள்வனை அன்று.

மற்றொன்றும் நோக்கற்பாலது. இவ்விருவரும் வெல்லும் ஆற்றல் இன்மையால் தோள் தாழ்த்தவரல்லர். நேர்நின்ற களத்தில் அவ்வெதிரிகளை முன்னரே புறங்கண்டவர். வெல்லவல்லவன் விட்டுக்கொடுப்பதே ஈகையாம். மாட்டாதவன் விடுவது ஈகையாகாது. இதனை முற்கூறாது இவ்வரலாறுகளைச் சொல்லுவோர், நாயன்மாரை ஏமாந்த எளியராகக் காட்டிவிடும் பிழைக்கு ஆளாவர்.

வஞ்சகர் இருவர்க்கும் புராணத்துள் தண்டனை கூறப்படவில்லை. முத்தநாதன் காவலொடு வழிவிடப்பட்டான். அதிசூரனது பின்னிலையைச் சேக்கிழார் பாடாது விடுத்தார். பாரதத்தில் தொடை முறியக் காண்டற்குக் காத்திருக்கும் நெஞ்சிற்கு இது குறையாகத் தோன்றலாம். ஆயின், பழிக்குப் பழி காட்டி முடித்திருந்தால் வெற்றி மீட்டும் வாளின் பக்கலே சென்றிருக்கும். கொன்றவனைக் கூறாது விடுத்து, வீழ்ந்தவர்முன் அம்மையப்பர் எழுந்தருளியதனையே புலவர் பாடினார்.

படுகளத்தில் மண்ணுருவம் தகர்ந்த மறுநாள் அம்மண் மண்ணோடு கலந்துவிடும். வஞ்சத்தால் வந்த வாகையும் அத்தன்மையதே. வஞ்சத்தை எதிர்ப்பட்டும் தம் நெறி வழுவாதார் சூடிய வாகையோ திருத்தொண்டத்தொகையில் இன்றும் வாடாதிருக்கின்றது.

திருச்சிற்றம்பலம்.