சான்றுக்கு முந்திய சொல்

கொரோனாக் கால வதந்திகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் தொடங்கி மக்களின் அறியாமையில் முடிக்கிறார்கள். இந்த அளவுகோல் பொய்யைப் பரப்பியவரைப் பிடிக்கிறது. அந்தப் பொய் ஏன் நம்பும்படி இருந்தது என்பதை விட்டுவிடுகிறது. அரசின் தகவல் முறையை எடைபோட வேறொரு கேள்வி வேண்டும்: கையிலிருந்த சான்று எவ்வளவோ அவ்வளவை மட்டும் அது சொன்னதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து உத்தனப்பள்ளியிலிருந்து பார்த்தால் கேள்வி கூர்மையாகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் வட்டாரம் இது. பிழைப்பு ஓசூர் சிப்காட்டோடும், அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருவோடும் பிணைந்தது. 2020 மே 1 அன்று மத்திய அரசின் பட்டியலில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி மாவட்டம். உறுதியான தொற்றே இல்லை, அல்லது 21 நாளாகப் புதிதாக இல்லை. அந்த நிறத்தின் பொருள் அவ்வளவுதான். ஊரடங்கைத் தளர்த்தும் நிர்வாகக் கருவியாக அது பயன்பட்டது. பொதுமக்களுக்கான செய்தியாக அது பிழை. கண்டறியப்படாததை இல்லாததாகக் காட்டியது. மே முதல் வாரத்திலேயே மாவட்டத்தில் தொற்று பதிவாயிற்று.

அதற்கு முந்தைய மாதம் திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைந்தது. மற்ற ஊர்களும் பின்பற்றின. மேலே மருந்து தெளித்தால் மூச்சுப்பாதையிலுள்ள வைரஸ் அழியாது. கண்ணும் தோலும்தான் கெடும். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை சில நாள்களிலேயே தடுத்தது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் எச்சரித்தது. விரைவான இந்தத் திருத்தம் பாராட்டுக்குரியது. ஆனால் அரசே கட்டிக் கொடுத்த நம்பிக்கையை ஏற்றவரை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

அரசு விநியோகித்த கபசுரக் குடிநீரிலும் இதே சிக்கல். நோய் எதிர்ப்பாற்றலுக்கு என்றுதான் அரசு சொன்னது, சொல்லில் பிழையில்லை. கொள்ளைநோய்க்கு நடுவே அரசு நீட்டும் கஷாயத்தை வாங்குபவர் மருந்தாகவே வாங்குவார். ஆய்வைத் தொடர்ந்து வரவேண்டிய விநியோகம் ஆய்வை முந்திக்கொண்டது.

மிகக் கடினமான சோதனை 2021 ஏப்ரலில் வந்தது. 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டு மக்களை அழைத்தார், மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மறைந்தார். மாரடைப்பு வந்த அன்றே சுகாதாரச் செயலரும் சிகிச்சையளித்த மருத்துவமனையும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றனர். இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு. அதற்கு அடிப்படையான கொழுப்புப் படிவு ஒரே நாளில் உருவாவதில்லை. மருத்துவத் தர்க்கம் சரி. தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே முடிவுக்கு வந்தது, ஆனால் 2021 அக்டோபரில். விசாரணைக்கு முன்பே வந்த முடிவு, சரியானதாக இருந்தும், மறுப்பாகவே கேட்டது. இரண்டாம் அலை உயர்ந்துகொண்டிருந்த மாதங்களில் ஐயத்துக்கு இடம் கிடைத்தது அந்த இடைவெளியில்தான்.

தமிழக அரசின் கணக்கில் நன்மையும் கணிசம். நாள்தோறும் மாவட்டவாரியாக எண்களை வெளியிட்டது. தொற்றுக்கு மதச்சாயம் பூச வேண்டாமென்று அன்றைய முதல்வரே கேட்டுக்கொண்டார். தொற்றால் இறந்த மருத்துவரின் அடக்கத்தைச் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கித் தடுத்தபின், அந்தச் சம்பவம் நடந்த மாதமே அத்தகைய தடையைக் குற்றமாக்கும் அவசரச் சட்டமும் வந்தது. எண்களைத் தருவதில் அரசு தேர்ந்தது. அந்த எண்கள் எதைச் சொல்லவில்லை என்பதைத் தெரிவிப்பதில் தவறியது. ‘அடைப்பே காரணமென்று மருத்துவர்கள் கருதுகிறார்கள், தடுப்பூசித் தொடர்பைக் குழு ஆராய்கிறது, அறிக்கை இந்தத் தேதியில் வரும்’ என்று அன்று சொல்லியிருந்தால், உத்தனப்பள்ளியில் ஊசிக்குத் தயங்கியவருக்குக் காத்திருக்க ஒரு நாளாவது தெரிந்திருக்கும்.