ஒரு மாணவி, ஐந்து எண்கள்

பல்கலைக்கழகக் கணினி அமைப்பை நவீனப்படுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: புதுசா ஒரு போர்ட்டல் வரும். பழசை யாரும் மூட மாட்டார்கள்.

திட்டக்குடி அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளியிலிருந்தே எமிஸ் எண் இருக்கிறது. கல்லூரிக்கு விண்ணப்பிக்க டிஎன்காசா தளத்தில் ஒரு விண்ணப்ப எண். சேர்ந்ததும் யூமிஸ் எண். பல்கலைக்கழகப் பதிவு எண் தனி. மத்திய அரசின் ஏபிசி எண் வேறு. ஆதாரை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எண்கள் நிறைய இருப்பது பெரிய விஷயமில்லை, கணினிக்கு அது பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெண்ணின் பெயர் திரும்பத் தட்டச்சு செய்யப்படுகிறது. இங்கேதான் நம்ம ஊர் இனிஷியல் வேலையைக் காட்டும். மதிப்பெண் பட்டியலில் முன்னாடி, ஆதாரில் பின்னாடி. ஒன்றில் புள்ளி, இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. மனுஷனுக்கு எல்லாம் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டு பேர். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். திட்டக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அந்த ஆயிரம்தான் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும். இனிஷியலைத் திருத்த இ-சேவை மையத்துக்கு அலையும் நாளில் கூலியும் போச்சு, வகுப்பும் போச்சு.

இதற்கு மேலே இன்னொரு சிக்கல். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 சட்டத் திருத்தம் அவற்றைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. (அதற்குச் சில மாதங்கள் முன்புதான் விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டார்கள், அதே திருத்தம் அதை ரத்து செய்தது.) 1929-இல் தொடங்கி, ஒரே வளாகத்தையும் பிறகு தொலைதூரக் கல்வியையும் வைத்து வளர்ந்த நிறுவனம் திடீரென்று நாலு மாவட்டத்துக்கு இணைப்புப் பல்கலைக்கழகம் ஆனது. சட்டத்தில் இது ஒரு பிரிவு. தரவுத்தளத்தில் அப்படி இல்லை. பழைய மாணவரின் பதிவு ஓரிடம், புதியவருடையது வேறிடம்.

ஒரு நிறுவனம் கட்டும் மென்பொருள் அந்த நிறுவனத்தின் அமைப்பையே நகலெடுக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். நம்மிடம் துறைக்கொரு தளம் இருப்பது அதனால்தான். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்வது, சொல்பவர்களுக்கு வசதி. எஸ்டோனியா 2001-இல் எக்ஸ்-ரோட் என்ற பரிமாற்ற அடுக்கைக் கட்டியது. அதைவிட முக்கியம், ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் அமைப்பதை அங்கே சட்டமே தடுக்கிறது. சின்ன நாடு, பணம் இருக்கு என்பார்கள். ஒரு தகவலை ஒரு தடவைதான் கேட்க வேண்டும் என்று அரசாணை போட எவ்வளவு பணம் வேணும்?

யூமிஸ் எமிஸ் எண்ணைக் கேட்பது நல்ல திசைதான். ஆனால் பெயருக்கு எது மூலப்பதிவு, மற்றவை எதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தத் தளம் எந்தத் தேதியில் மூடப்படும் என்று முடிவாகாதவரை, யூமிஸும் வரிசையில் இன்னொரு எண்தான். மூடுவது சுலபமில்லை என்பதும் உண்மை. முப்பது வருஷம் கழித்தும் யாராவது சான்றிதழ் சரிபார்க்கக் கேட்பார்கள். அதற்குப் பழைய பதிவுகளைப் படிக்க மட்டும் முடிகிற காப்பகமாக வைத்தால் போதும். புதிதாக யாரையும் அதில் பெயர் அடிக்கச் சொல்ல வேண்டாம்.