கள முகாமும் கிரெடிட் கணக்கும்

ஒரு மாணவர் உச்சி வெயிலில் நான்கு மணி நேரம் பாறைகளை அளந்து குறிப்பெடுக்கிறார். மற்றொருவர் வகுப்பறையில் மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் விரிவுரை கேட்கிறார். கல்விக் கணக்கில் இவ்விரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான் என்றால் நம்புவீர்களா, வாசகர்களே? பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பில் அப்படித்தான் இருக்கிறது. 15 வாரப் பருவத்தில் 15 மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். களப் பயிற்சியானால் அதே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

விரிவுரை கேட்டவர் வீட்டிலும் படிக்கவேண்டுமே, அந்த நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் களத்திலிருந்து திரும்பியவருக்கு மட்டும் மாலையில் வேலை இல்லையா என்ன?

இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1905இல் அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். எந்தக் கல்லூரிக்கு அந்தப் பணம் கிடைக்கும் என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டு, ஏறத்தாழ 120 மணி நேரம், படித்தால் அது ஓர் ‘அலகு’. அப்படி 14 அலகுகள் முடித்தவர்களையே சேர்க்கும் கல்லூரிக்குத்தான் ஓய்வூதியம். அடுத்து 1910இல் மோரிஸ் குக் என்ற இயந்திரப் பொறியாளர், தொழிற்சாலைத் திறனை அளப்பது போலவே கல்லூரிகளையும் அளந்து, அதே அறக்கட்டளைக்கு ஓர் அறிக்கை எழுதினார். ‘மாணவர்-மணி’ என்னும் அளவை அதில்தான் வகுத்தார். அவர் ஆராய எடுத்துக்கொண்டவை எட்டுக் கல்வி நிறுவனங்களின் பௌதிகத் துறைகள். பௌதிக ஆசிரியனான எனக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்! ஆக, ஓய்வூதியத்துக்கும் செலவுக் கணக்குக்கும் பிறந்த அலகு இது. மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க யாரும் இதை உருவாக்கவில்லை.

இந்த அலகு எங்கே பொருந்தாமல் போகிறது என்பதைக் கோடைக் கள முகாம்கள் நன்றாகக் காட்டுகின்றன. பாறைகளையும் நில அடுக்குகளையும் பற்றிய நிலவியலை எடுத்துக்கொள்வோம. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1929 முதல் வயோமிங் மாநிலத்து மலைகளில் டேவிஸ் முகாமை நடத்திவருகிறது. இண்டியானா பல்கலைக்கழகம் 1949இல் மொன்டானா மாநிலத்தில் ஒரு கள நிலையத்தை நிறுவியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏன் போகவேண்டும்? இண்டியானாவில் பாறை அடுக்குகள் பெரும்பாலும் பாய் விரித்தாற்போல் கிடையாகக் கிடக்கின்றன. மொன்டானாவிலோ அவை மடிந்து, முறிந்து, செங்குத்தாக எழுந்து, கண்ணுக்கு நேரே தெரிகின்றன.

அங்கே மாணவரின் வேலை என்ன? திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு அடுக்கு எத்திசையில் செல்கிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளக்கவேண்டும். சுண்ணாம்புப் பாறை முடிந்து மணற்பாறை தொடங்கும் எல்லையை வரைபடத்தில் கோடாக இழுக்கவேண்டும். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் இழுத்த கோடு, நாளை மலைமுகட்டின் மறுபுறம் இன்ன இடத்தில் தலைகாட்டியாக வேண்டும். காட்டவில்லையா? வரைபடம் தவறு, அல்லது இடையில் ஒரு முறிவு ஒளிந்திருக்கிறது. இரண்டில் எது என்று அறிய மறுபடியும் மலையேறவேண்டும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துமுன் மலையே திருத்திவிடுகிறது. எந்த வகுப்பறையிலும் இதைக் காணமுடியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 288 மணி நேரம். நம் 30 மணி விதிப்படி 9.6 கிரெடிட். இத்தகைய முகாம்களுக்கு அங்கே வழக்கமாகக் கிடைப்பதோ ஆறு கிரெடிட் அளவில்தான். கூட்டிக் கொடுத்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடைக் கட்டணம் கிரெடிட் எண்ணிக்கைப்படி வசூலிக்கப்படுகிறது. அங்கே கிரெடிட் என்பது பரிசும் விலையும் சேர்ந்த ஒன்று. கூட்டினால் ஏழை மாணவரின் சுமையும் கூடும்.

தகுதி விதிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. கனிமவியலும் பாறை அமைப்பியலும் முன்பே படித்திருக்கவேண்டும் என்பார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அறிவிப்பில் அச்சாகாத தகுதிகள்தாம் கடுமையானவை. கோடையில் வேலை செய்து அடுத்த ஆண்டுக்குப் பணம் சேர்க்கும் மாணவர் ஆறு வாரக் கூலியை இழக்கவேண்டும். பெல் உதவித்தொகை என்பது குறைந்த வருவாயுள்ள மாணவர்களுக்கு அந்நாட்டு அரசு வழங்குவது. ஆண்டுக்குரிய தொகை இரு பருவங்களிலேயே தீர்ந்துவிட்டால் கோடைக்கு ஏதும் மிஞ்சாது. கோடைக்கும் தனியே தரும் ஏற்பாடு 2009இல் வந்தது, 2011இல் நீக்கப்பட்டது, 2017இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டத்துக்குக் கள முகாம் கட்டாயம் என்றிருந்த துறைகளில் ஏழை மாணவர் என்ன செய்திருப்பார்?

2020இல் கொரோனா பரவியபோது பல முகாம்கள் நின்றன. அப்போது அமெரிக்க நிலவியல் ஆசிரியர் சங்கம் ஒரு காரியம் செய்தது. கள முகாம் முடித்தவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்கவேண்டும் என்று பட்டியலிட்டு, அதற்கேற்ற பயிற்சிகளை ஆசிரியர்களிடமிருந்து திரட்டிப் பொதுவில் வைத்தது. திரையில் பார்க்கும் மலை மலையாகாது. நான் அதை ஆதரித்து வாதாடமாட்டேன். ஆனால் மணிக்கணக்கை ஒதுக்கிவிட்டு ‘என்ன செய்யத் தெரியும்?’ என்று கேட்க முடியும் என்பது தெளிவாயிற்று. இதை நெருக்கடி வரும்வரை ஏன் தள்ளிப்போட்டார்கள்?

நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. இருந்தாலும் கிரெடிட் முறை நம் கல்லூரிகளுக்குப் பழகிப்போன ஒன்று. நமக்கு மொன்டானா தேவையில்லை, அரியலூர் இருக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் அக்கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஆனால் கட்டமைப்பு பேசுவது கோடைப் பயிற்சியைப் பற்றி! மொன்டானாவில் குளிர்காலத்தில் பாறைகளைப் பனி மூடிவிடும், கோடையை விட்டால் வேறு வழியில்லை. அரியலூரில் மே மாதம் வெறுங்கல்லைத் தொடமுடியாது. அங்கே களப்பணிக்கு உகந்தது தை, மாசி. கோடை விடுமுறை நம்மவருக்கும் கூலி வேலைக்குப் போகும் காலம் என்பதையும் மறக்கலாகாது.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியில் கள முகாம் அறிவிப்பு வந்தால், பெயர் கொடுக்கும் முன் துறைத்தலைவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். மாலையில் வரைபடம் வரையும் நேரம் அந்த 30 மணியில் சேருமா? பேருந்துக்கும் தங்குவதற்கும் யார் பணம் தருவார்கள்? வேலைக்குப் போகவேண்டியவர்கள் சனி, ஞாயிறுகளில் பகுதி பகுதியாக முடிக்க அனுமதி உண்டா? கடைசியாக, மதிப்பெண் வருகைப் பதிவேட்டுக்கா, களக் குறிப்பேட்டுக்கா?