தராக்கி சிவராமின் எழுத்து: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு ஈன்ற பத்திரிகையாளருள் தர்மரத்தினம் சிவராம் (1959–2005) தனித்து வைத்து எண்ணத்தக்கவர். பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பை இடையே துறந்து இயக்கவழிச் சென்ற அவர், 1989ஆம் ஆண்டு முதல் ‘ஐலன்ட்’ ஆங்கில நாளிதழில் ‘தராக்கி’ என்னும் புனைபெயரில் எழுதலானார். பின்னர்த் ‘தமிழ்நெற்’ இணையச் செய்தித்தளத்தின் ஆசிரியராய் அமர்ந்து, மாவட்டந்தோறும் நிருபர்களைப் பயிற்றினார்.

போரை ஆரவாரமாகப் பாடியோர் பலர். அதனை நிலம், வழங்கல், ஆட்பலம் எனப் பகுத்துக் காட்டியவர் இவர். தென்னிலங்கை வாசகரும் அவர் கட்டுரைகளைத் தேடிப் படித்தமைக்கு இதுவே காரணம். எனினும், படைத்தலைவனின் கண்கொண்டு நோக்கும் எழுத்திற் குடிமக்களின் துயர் பின்னே ஒதுங்கிவிடுகின்றது. 2004ஆம் ஆண்டுக் கிழக்குப் பிளவின்போது அவர் வன்னித் தலைமையின் பக்கம் நின்றமையால், ஆய்வாளரைச் சார்பு வென்றது என்பாரும் உளர். ஆயினும் அச்சார்பை அவர் மறைத்தாரல்லர்.

அவ்வாண்டு மே 31இல் நண்பர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பிற் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 2005 ஏப்ரல் 28இற் கொழும்பிற் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அணித்தே உயிரற்ற உடலாகக் காணப்பட்டார்.

அவர் கருத்தை மறுப்போர் எழுதியே மறுத்திருத்தல் வேண்டும். துப்பாக்கி திறனாய்வு ஆகாது.